நாடக மேடைத் திருப்பணி முடிந்தது: உறுப்பினர்களுக்குக் கமிட்டியின் அறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். தாளவாடி மலையில் நம்ம ஊர் நாடக மேடை வேலை ஒருவழியாக முடிந்து, ஏப்ரல் 24 அன்று, கன்னட நடிகர் ராஜ்குமார், அதாவது ரசிகர்களின் 'அண்ணாவரு' பிறந்த நாளிலேயே திறந்தும்விட்டோம்.

மேடையைச் சரிசெய்வதற்குத் திருப்பணி என்று பெயரா என ஒருவர் கேட்டிருந்தார். ரசிகர்களை 'அபிமானி தேவருகளே', அதாவது 'ரசிகத் தெய்வங்களே' என்று கைகூப்பிக் கூப்பிட்டவர் ராஜ்குமார். அந்தத் தெய்வங்கள் வந்து உட்காரும் இடம் என்பதால் அப்படியே வைத்துக்கொண்டோம்.

பழைய தகரத்தை எடுத்துவிட்டு ஓடு வேய்ந்தோம், மேடைக்குக் கடப்பா கல் போட்டோம், ஒப்பனை அறைக்குக் கதவும் விளக்கும் வந்தாயிற்று. முதலில் கூரை போட்டவர்கள் சரிவைக் குறைத்துவிட்டதால் ஒரே மழையில் தண்ணீர் மேடைக்குள் இறங்கி, பாதிக் கூரையைப் பிரித்து மறுபடி வேய வேண்டியதாயிற்று. தாமதத்துக்கும் கூடுதல் செலவுக்கும் அதுதான் காரணம். நாங்களும் அப்போதே ஏறிப் பார்த்திருக்க வேண்டும்.

அதிகம் பேசியது ராஜ்குமாரைப் பற்றிச் சுவரில் வைக்கும் கல்வெட்டைப் பற்றித்தான். முதலில் எழுதி வந்த வாசகத்தில் பாதி, 2000 ஜூலை 30 அன்று காஜனூர் பண்ணை வீட்டிலிருந்து வீரப்பன் அவரைக் கடத்தியதும் 108 நாள் காட்டு வாழ்க்கையும்தான். தமிழ்நாட்டில் பலருக்கு அவரைத் தெரிந்ததே அப்படித்தான், அதுதான் எங்களுக்கு வருத்தம். இந்த மண்ணில் பிறந்த முத்துராஜு, நாடக நடிகரான அப்பா புட்டசுவாமய்யா கூடவே சின்ன வயதில் மேடை ஏறி, குப்பி வீரண்ணா நாடகக் கம்பெனியில் தேறி, 1954-ல் 'பேடர கண்ணப்ப' படத்தில் நம்ம கண்ணப்ப நாயனாராக நடித்து ராஜ்குமார் ஆனவர். இருநூறுக்கும் மேல் படம் நடித்தார். பல வருஷம் அவருக்குப் பி.பி. ஸ்ரீநிவாஸ்தான் பாடினார், 1974-ல் 'சம்பத்திகே சவால்' படத்தில் எருமை மேல் உட்கார்ந்து வரும் பாட்டை அவரே பாடினார், அப்புறம் கன்னட ஜனங்கள் அவர் முகத்துக்கு வேறு குரலை ஏற்றுக்கொள்ளவே இல்லை. 'ஜீவன சைத்ர' படப் பாட்டுக்குப் பாடகராகத் தேசிய விருதே வாங்கினார். நாடக மேடையில் பாடத் தெரியாமல் நடிக்க முடியாது, அந்தப் பழக்கம்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது என்பது எங்கள் எண்ணம்.

அதனால் கடத்தலுக்கு ஒரே வரி, மீதியெல்லாம் நாடகமும் பாட்டும். கன்னடத்திலும் தமிழிலும் வெட்டியிருக்கிறது.

கடைசி வரியை ஊர்ப் பெரியவர்கள் சேர்க்கச் சொன்னார்கள். கதாநாயகனாக நடித்த முதல் படத்திலேயே சிவனுக்குக் கண் கொடுத்தவராக நடித்தவர், 2006 ஏப்ரல் 12-ல் இறந்தபோது தன் இரண்டு கண்ணையும் தானமாகக் கொடுத்துவிட்டுப் போனார். கல்லில் இதை வாசித்துவிட்டு ஒரு பாட்டி வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தார். திறப்பு நாளில் கண்தானப் படிவம் வைத்திருந்தோம், கொண்டுபோனது போதாமல் மறுநாள் மறுபடி வாங்கிவந்தோம்.

கணக்கு: வசூல் 3,86,400 ரூபாய், செலவு 3,79,150, கையிருப்பு 7,250. ரசீதெல்லாம் பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். திரைச்சீலை மட்டும் இன்னும் வாங்கவில்லை. கையிருப்பு அதற்குப் போதாது, கொடுக்க விரும்புகிறவர்கள் தீபாவளிக்குள் சொல்லுங்கள், அடுத்த நாடகம் அதற்கப்புறம்தான்.