புத்தகத்தை முந்திய தொடர்

ஆசிரியருக்கு,

தொடர்கள் போகப் போகச் சொதப்புவதற்கு இழுத்தடிப்பதுதான் காரணம் என்பார்கள். மன்னர் காலக் கற்பனைக் கதையான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில் நடந்தது நேர்மாறு. 2011-இல் தொடங்கியபோது சீசனுக்கு 10 பகுதிகள். 2019-இல் வந்த கடைசி சீசனுக்கு வெறும் 6. மூல நாவல்கள் ஐந்தாம் பாகத்தோடு நின்றுவிட, தொடர் அதைத் தாண்டி ஓடியது. முதல் சீசனில் பயணத்துக்கே நேரம் இருந்தது; தலைநகருக்குப் போகும் வழியிலேயே ஒரு பகை முளைக்கும். கடைசி சீசனில் கண் மூடித் திறப்பதற்குள் ஆட்கள் ஊர் தாண்டிவிட்டார்கள். அரியணைக்காகப் போராடும் நாயகி டெனேரிஸ் கொடுங்கோலியாக மாறியதை நம்பியிருப்பேன், இன்னும் நான்கு பகுதிகள் கொடுத்திருந்தால். அவ்வளவு அவசரம்! விருந்து மேஜையில் யாரோ மறந்து வைத்த காபிக் கோப்பைகூட அப்படியே ஒளிபரப்பாகி, அப்புறம்தான் அழித்தார்கள்.

- ஒரு வாசகி, மதுரை