தேடியது என்னவென்று எழுதுங்கள்

தடய அறிவியலுக்குத் தரநிலை வகுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் 31 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். உப்புப் பகுப்பாய்வு ரெக்கார்டு நோட்டில் மூன்று பத்திகள் இருக்கும்: சோதனை, உற்றுநோக்கல், அறிவன. முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராக "காரீயம் உள்ளது" என்று எழுதிய பிள்ளைக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. விடை சரியாகவே இருந்தாலும் போட்டதில்லை. "எப்பிடிலே கண்டுபிடிச்ச, மோந்து பாத்தியா?" என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும்.

போன மாதம் என் அக்கா வீட்டுக்கு ஒரு ரிப்போர்ட் நகல் வந்தது. பதினொரு மாதம் காத்திருந்து வந்த காகிதம். விஷயம் ஒரே வரி: "அனுப்பப்பட்ட உள்ளுறுப்புகளில் நச்சுப்பொருள் எதுவும் கண்டறியப்படவில்லை." மூன்று பத்தியில் கடைசிப் பத்தி மட்டும்.

அத்தான் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர். சென்ற ஆண்டு ஆவணியில் ஒருநாள், மழை விட்டு வெட்டு நடந்த நேரம். ஷீட் அடிக்கிற புரையில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். விடியற்காலை மூன்று மணிக்கு அக்காவைப் போனில் கூப்பிட்டு, வயிறு வலிக்கிறது, கண் செருகிக்கொண்டு வருகிறது என்று சொல்லியிருக்கிறார். அப்படியே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டப் போய்விட்டார். ஆறு மணிக்கு உடன் வெட்டுகிறவர் பார்த்தபோது மரத்து மூட்டில் கிடந்தார். லைட் எரிந்துகொண்டிருந்ததாம்.

தரையில் படுக்கிறவரைக் கட்டுவிரியன் கடிப்பதும், கடிவாய் கொசுக்கடி அளவுக்குக்கூடத் தெரியாமல் போவதும், சில மணி நேரத்தில் வயிற்றுவலியும் கண் இமை சரிவதும் மருத்துவம் படித்தவர்களுக்குப் புதிதல்ல. பிரேதப் பரிசோதனைக் குறிப்பில் இடது குதிகாலில் புள்ளி போல ஒரு காயம் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் புரையில் ஃபார்மிக் ஆசிட் கேன் இருந்தது. ரப்பர் பால் உறைய வைக்க எல்லாப் புரையிலும் இருக்கிற கேன்தான். அத்தானுக்குக் கூட்டுறவில் கொஞ்சம் கடன் இருந்தது. இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்து, முதல் நாளே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது: ஆசிட் குடித்துவிட்டார்.

வாயிலும் தொண்டையிலும் வெந்த புண் எதுவும் இல்லை என்று அதே குறிப்பில் இருக்கிறது. ஆசிட் குடித்தவர் வாய் அப்படி இருக்காது என்பதை நான் சொல்லிப் பார்த்தேன். வாத்தியார் மச்சினனுக்காகப் பேசுகிறார் என்று ஆகிவிட்டது. பதினொரு மாதமும் அக்கா கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகவில்லை. போன இரண்டு சாவு வீட்டிலும் அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "தம்பி, கெமிக்கல் ரிப்போர்ட் வரட்டும், அதுல எழுதியிருப்பாவ இல்லா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வந்த அன்று என்னை உட்காரவைத்து நான்கு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "இதுல அவிய எப்பிடிச் செத்தாவன்னு எங்க எழுதியிருக்கு?"

எங்கும் இல்லை. ஃபார்மிக் அமிலத்தைத் தேடினார்களா? தெரியாது. பூச்சிமருந்துகளை மட்டும் பார்த்தார்களா? தெரியாது. என்ன முறையில் பார்த்தார்கள், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் அந்த முறைக்குத் தெரியாது, ஒன்றும் தெரியாது. பாம்பு நஞ்சு புரதம். பூச்சிமருந்தும் ஆல்கலாய்டும் தேடுகிற வழக்கமான வேதிப் பரிசோதனையில் அது அகப்படாது; அதற்கு எதிர்ப்பொருள் கொண்டு செய்யும் சோதனை வேண்டும். கடிபட்ட இடத்துத் தோலையும், ஒப்பிட்டுப் பார்க்க மறுகால் தோலையும் வெட்டி வைத்திருக்க வேண்டும். இரைப்பையும் குடலும் ஈரலும் சிறுநீரகமும் மட்டும் தெவிட்டிய உப்புக் கரைசலில் போனால் அதில் பாம்பு எங்கிருந்து கிடைக்கும்? அத்தானை அடக்கம் செய்தாயிற்று. தோல் இனி இல்லை.

இப்போது அந்த ஒரு வரி வேறு வேலை செய்கிறது. வங்கிக் கணக்கில் ஆண்டுதோறும் பிடித்த விபத்துக் காப்பீட்டுக்கு அக்கா விண்ணப்பித்தாள். "நச்சு கண்டறியப்படவில்லை என்று ரிப்போர்ட்டே சொல்கிறதே அம்மா, அப்புறம் பாம்புக்கடி எப்படி?" என்று திருப்பி அனுப்பினார்கள். தேடாத ஒன்று, கவுண்டருக்குப் போய்ச் சேருவதற்குள் இல்லாத ஒன்றாகிவிட்டது. கவுண்டரில் இருந்த பையன் மேல் எனக்குக் கோபமில்லை. காகிதத்தில் இருந்ததைத்தான் அவன் வாசித்தான்.

ஆகவே என் கோரிக்கை: தடய அறிவியலின் எல்லாப் பிரிவுகளுக்கும், எல்லோரும் கூடி ஒப்புக்கொண்ட, எவரும் வாசிக்கக்கூடிய ஒரே தரநிலை வேண்டும். அதன்படி ஒவ்வொரு அறிக்கையும், எதைத் தேடினோம், எப்படித் தேடினோம், எதைத் தேடவில்லை என்று எழுத வேண்டும்.

இதன் பின்னணி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு விரல்ரேகை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்களே அடித்துச் சொல்லி, அவரைச் சிறையிலும் வைத்து, பிறகு ஸ்பெயின் போலீஸ் வேறு ஆளைக் காட்டியதும் மன்னிப்புக் கேட்டதை நீங்கள் பாடமாகவே படித்திருப்பீர்கள். 2009-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை, மரபணுச் சோதனை ஒன்றைத் தவிர மற்ற முறைகள் ஒரு தடயத்தை இன்னாருடையது என்று உறுதியாகச் சொல்லும் திறனை நிரூபித்ததில்லை என்று போட்டு உடைத்தது. 2015-ல், முடியை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு எஃப்.பி.ஐ. ஆட்கள் சொன்ன பழைய சாட்சியங்களைத் திரும்ப வாசித்தபோது, குறைந்தது 90 சதவீதத்தில் அறிவியல் தாங்காத பேச்சு இருந்தது. அதற்குள் 2014-லேயே அங்கே ஒரு அமைப்பு உருவாகியிருந்தது. விரல்ரேகை, நச்சியல், துப்பாக்கி, தீ, கையெழுத்து என்று துறைவாரியாகக் குழுக்கள். ஆய்வாளரோடு புள்ளியியல் அறிந்தவரும் சட்டம் அறிந்தவரும் ஒரே மேசையில். வரைவை வெளியே வைக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம், சொன்ன குறைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மெதுவாகத்தான் நடக்கிறது. சண்டையும் உண்டாம். சண்டை போட்டு எழுதியதைத்தான் நான் நம்புவேன்.

இங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849-ல் சென்னையில்தான் வந்தது. (நாங்கள் அப்போது திருவிதாங்கூர், பெருமையில் பங்கு கேட்கக் கொஞ்சம் கூச்சம்தான்.) கையேடுகள் இருக்கின்றன, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் முறை இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 21043 என்று தடய அறிவியலுக்கே தனி உலகத் தரநிலையும் வந்துவிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 176-ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை தரத்தக்க குற்றம் நடந்த இடத்துக்குத் தடயவியல் நிபுணர் போக வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அத்தானுடையது குற்றமா என்றே தெரியாத சாவு. எங்கள் ஊர்ச் சாவுகளில் பாதி அந்த வகைதான்: மரத்து மூட்டில், குளத்தில், கடலில்.

டிஎன்ஏ-வுக்கு மட்டும் விடிவு வந்திருக்கிறது. தேனி சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில், மரண தண்டனை வரை போன ஒருவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மாதிரியைக் கையாண்டதில் இருந்த ஓட்டைகளைப் பார்த்து நாடு முழுவதுக்கும் உத்தரவும் போட்டது. எடுத்த 48 மணி நேரத்தில் மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதித்தால் காரணம் எழுத வேண்டும், கைமாறிய விவரமெல்லாம் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். வாசித்தபோது மகிழ்ச்சிதான். அடுத்த நிமிடம் தோன்றியது: குடலுக்கும் ஈரலுக்கும் இதை யார் சொல்வது? அவற்றுக்கும் ஒரு தூக்குத் தண்டனை தப்பிப்போக வேண்டுமா? அத்தானின் உள்ளுறுப்புகள் வைத்த பாட்டில்கள் ஆய்வகத்துக்குப் போக எத்தனை நாள் ஆயின என்று கேட்டேன். நாலைந்து கேஸ் பாட்டில்கள் சேர்ந்த பிறகு மொத்தமாகக் கொண்டுபோவதுதான் வழக்கம் என்றார் ஸ்டேஷன் காவலர். ஒளிக்காமல் சொன்னார். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகிறவரும் அவர்தான்.

குளச்சலில் மீன் நிறுக்கிற தராசுக்கு முத்திரை உண்டு. காலாவதியானால் அபராதம் உண்டு. நெத்திலி ஐம்பது கிராம் குறைந்தால் சண்டை போட எங்களுக்குச் சட்டம் இருக்கிறது. ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்று நிறுக்கிற தராசுக்கு முத்திரை எங்கே என்று கேட்டால் மட்டும், "அது டெக்னிக்கல் விஷயம் சார்" என்கிறார்கள். டெக்னிக்கல் விஷயத்தை 31 வருஷம் சாக்பீஸ் தூசியில் நின்று விளக்கியவனிடம்!

கடற்கரை ஊர்களில் இதைக் கேட்டால் இன்னும் கசப்பாகப் பேசுவார்கள். 2017 ஒக்கிப் புயலில் கேரளக் கரையில் ஒதுங்கிய உடல்களை, உருத்தெரியாமல், டிஎன்ஏ பார்த்துத்தான் அடையாளம் கண்டார்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் அப்பனுக்காகவும் மகனுக்காகவும் இரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டியதும் மாநிலம் மாறும், பஸ்ஸின் நிறம் மாறும். ஒரு சோதனையின் அர்த்தம் மாறக்கூடாது. ஒதளங்காய் என்ற நச்சுக்காயும் அப்படித்தான். காயலோரம், ஆற்றோரம் இரு பக்கமும் நிற்கிற மரம். 1989 முதல் 1999 வரை கேரளத்தில் மட்டும் 500-க்கு மேற்பட்டோர் அதனால் செத்ததாக ஆய்வு இருக்கிறது. அதைத் தேட வேண்டும் என்று நினைத்துத் தேடினால்தான் அகப்படும் என்பார்கள். நம் மாவட்டத்துப் பாட்டிலில் அதைத் தேடுகிறார்களா? அறிக்கை சொன்னால்தானே தெரியும்.

இன்னொன்று. அரசு ரசாயனப் பரிசோதகரின் அறிக்கையை, அவரைக் கூண்டில் ஏற்றாமலே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சலுகை தருகிறது. பழைய சட்டத்தில் 293, புதியதில் 329. வேலைப் பளுவைப் பார்த்தால் அந்தச் சலுகை நியாயம்தான். ஆனால் ஆள் வரமாட்டார் என்றால் காகிதமாவது முழுதாகப் பேச வேண்டாமா?

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் இருப்பவர்கள் ஆளில்லாமல், கருவி பழுதாகி, குவிந்த பாட்டில்களுக்கு நடுவில் வேலை செய்கிறார்கள் என்பதை அறிவேன். என் மாணவர்களில் ஒருத்தி அந்த வேலையில்தான் இருக்கிறாள். அவளிடம் கேட்டபோது, "சார், படிவத்துல அந்த ஒரு வரிக்குத்தான் எடம் இருக்கு" என்றாள். சோதனைகளை அவள் தன் நோட்டில் வரிசையாக எழுதித்தான் வைக்கிறாளாம். அந்த நோட்டு வெளியே வருவதில்லை.

அந்த இடத்தைப் பெரிதாக்குங்கள் என்பதுதான் நான் கேட்பது. நச்சியலுக்கு ஒன்று, விரல்ரேகைக்கு ஒன்று என்று ஆளுக்கொரு வழக்கம் வேண்டாம். எல்லாப் பிரிவுக்கும் பொருந்துகிற, கூடி ஒப்புக்கொண்ட தரநிலை ஒன்றை வையுங்கள். வரைவைத் தமிழிலும் வெளியிடுங்கள். அதை எழுதும் மேசையில் தாலுகா ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டருக்கும், பாட்டிலை மடியில் வைத்துக் கொண்டுபோகும் காவலருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக 2024 நவம்பரில் அறிவித்த மாநிலம் இது. தெரியாத சாவில் கடிவாய்த் தோலை எடுத்து வைக்க வேண்டும் என்பதும் அந்தத் தரநிலையில் வரட்டும். சோதிக்க வசதி இல்லையென்றால், இல்லை என்று எழுதட்டும். எதைத் தேடினோம், எப்படித் தேடினோம், எதைத் தேடவில்லை. மூன்றே பத்தி.

தயவுசெய்து அத்தானின் பழைய ரிப்போர்ட்டையும், செய்த சோதனைகளின் பட்டியலோடு மறுபடி ஒருமுறை தரச் சொல்லுங்கள். முறையான மனுவும் தனியே அனுப்பியிருக்கிறேன். பதில் தமிழில் இருந்தால் நல்லது. அக்கா அதை என்னிடம் கொடுக்காமல் தானே வாசிக்க வேண்டும் என்கிறாள்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
திருவட்டாறு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.