கூடலூருக்கும் ஒரு ஜெர்மன் பேராசிரியருக்கும் உள்ள உறவு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கேசவானந்த பாரதி வழக்கை உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் 68 நாட்கள் கேட்டதையும், நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று 1973 ஏப்ரல் 24 அன்று 7க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பு வந்ததையும், மனுதாரர் தரப்பு வழக்கறிஞர் நானி பல்கிவாலாவின் வாதத் திறமையையும் கட்டுரையாளர் அருமையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் கருத்தை நம் நாட்டில் விதைத்த சட்டப் பேராசிரியரின் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. எங்கள் நீலகிரிக் கூடலூரின் பெயரும் இல்லை. இரண்டும் எனக்கு மனக்குறை.

அவர் பெயர் டீட்டர் கான்ராட். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தைச் சேர்ந்தவர். 1965 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறையில் ஓர் உரை நிகழ்த்தினார். அரசமைப்பை நாடாளுமன்றம் திருத்தலாம் என்கிறது 368ஆவது பிரிவு. எதுவரை திருத்தலாம் என்று அது சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் காவலாக நிற்கும் 21ஆவது பிரிவை ஒரு திருத்தத்தால் நீக்கிவிடலாமா? முகலாயப் பேரரசரின் ஆட்சியைத் திருத்தம் என்ற பெயரில் மறுபடி கொண்டுவரலாமா? இந்தியாவைத் தமிழ்நாடு, இந்துஸ்தானம் என இரண்டாகப் பிரிக்கலாமா என்றுகூடக் கேட்டார். ஹிட்லரின் அரசுக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தையே தூக்கிக் கொடுத்த 1933ஆம் ஆண்டுச் சட்டம், அரசமைப்பைத் திருத்தத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடுதான் நிறைவேறியது. அந்த நாட்டிலிருந்து வந்தவர் கேட்ட கேள்விகள் இவை.

அந்த உரை வழக்கறிஞர் எம்.கே. நம்பியாரின் கைக்குக் கிடைத்தது. அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்திக் குறைக்கலாமா என்று 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கோலக்நாத் வழக்கில் அவர் அதை வாதமாக வைத்தார். வாதத்தில் வலு இருக்கிறது என்ற நீதிமன்றம், முடிவு சொல்லாமல் விட்டது. ஆறு ஆண்டு கழித்துக் கேசவானந்த பாரதி வழக்கில் நீதிபதி எச்.ஆர். கன்னா கான்ராடின் கட்டுரையைப் பெயர் சொல்லியே எடுத்துக்காட்டினார். வழக்கில் வாதாடாத, தீர்ப்பும் எழுதாத ஓர் ஆசிரியருக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

திருத்தம் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில் அல்ல. அப்பா காடு திருத்திக் காப்பியும் மிளகும் வைத்தவர். எங்கள் நிலத்தின் மேல்மூலையில் ஓர் ஊற்று உண்டு. அதற்கு மேலே நின்ற ஏழெட்டு மரங்களில் மட்டும் அவர் கடைசிவரை கத்தி வைக்கவில்லை. "அதை வெட்டினால் திருத்தினதாக ஆகாது, ஊற்று செத்துவிடும்" என்பார். கான்ராடைப் படித்தபோது அந்த மரங்கள்தான் என் கண்முன் நின்றன.

இனி கூடலூர். கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலங்களை, அதாவது பரம்பரை உரிமை நிலங்களை, அரசே எடுத்துக்கொள்ள 1969இல் வந்ததுதான் கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம். ஜென்மக் காடுகளை அரசு எடுப்பது மட்டும் செல்லாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974இல் 34ஆவது திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டம் முழுவதும் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அங்கே சேர்த்துவிட்டால் அடிப்படை உரிமையைக் காட்டி நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்பது ஏற்பாடு. அதை எதிர்த்த ஐ.ஆர். கொய்லோ வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 2007 ஜனவரி 11 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டமும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லுக்கு உட்பட்டதுதான் என்றார்கள். காசியில் ஒரு வகுப்பறையில் எழுந்த கேள்வி 42 ஆண்டுகளில் எங்கள் மலைச்சரிவு நிலத்துக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி இப்போது சட்டம் படிக்கிறாள். விடுமுறையில் வந்தவள் அந்தத் தீர்ப்பின் நகலைக் கொண்டுவந்து, கூடலூர் என்ற சொல்லின் கீழே பென்சிலால் கோடிட்டுக் காட்டி, "சார், இது நம் ஊர் வழக்கா?" என்று கேட்டாள். அவளுடைய பாடநூலில் அந்த வழக்கைப் பற்றி நான்கே வரிகள், அதில் ஊர்ப்பெயர் கிடையாது. அவள் குடும்பம் செக்‌ஷன் 17 நிலத்தில், அதாவது அந்த 1969 சட்டத்தின் 17ஆவது பிரிவில் வரும் நிலத்தில், இருக்கிறது. பட்டா இல்லாததால் மின் இணைப்புக்குப் பல ஆண்டு அலைந்தார்கள். பத்தாம் வகுப்புவரை மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவள். அவள் வாழ்க்கையைத் தொடும் சட்டத்தின் கதை அவளுக்குத் தமிழில் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்ததும் பாதிக் கதைதான்.

சட்டப் பேராசிரியர்களின் உழைப்பை நாம் பொதுவாகவே கண்டுகொள்வதில்லை. மதுரா என்ற பழங்குடிப் பெண்ணைக் காவல் நிலையத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாக வழக்கு நடந்த காவலர் இருவரை உச்ச நீதிமன்றம் விடுவித்ததைக் கண்டித்து 1979இல் உபேந்திர பக்‌ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நால்வர் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த கடிதம் பெரும் கிளர்ச்சியை எழுப்பியது. 1983இல் பாலியல் வன்முறைச் சட்டமே மாறியது. எத்தனை பேருக்குத் தெரியும்?

எனவே என் வேண்டுகோள்: கான்ராடின் அந்த உரையை, தக்க அனுமதி பெற்று, முழுமையாகத் தமிழில் வெளியிடுங்கள். கூடலூர் வழக்கைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றும் வேண்டும். அந்த இதழ் வரும்போது இரண்டு பிரதிகள் எடுத்துவைக்கும்படி பஸ் நிலையக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஒன்று எனக்கு, ஒன்று அந்தப் பெண்ணுக்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
தேவர்சோலை, கூடலூர் வட்டம், நீலகிரி.