ஹாராட்ஸ் மர வீடுகளில் தங்கப் போகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வட சுவீடனில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, லூலே ஆற்றங்கரையில் உள்ள ஹாராட்ஸ் ஊரில், மரங்களுக்கு நடுவே உயரத்தில் கட்டிய மர வீடுகளில் இந்தக் குளிர்காலத்துக்கு முன்பதிவு செய்திருப்பவர்களுக்கும், போகலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்த மடல். எங்களிடம் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி: "இவ்வளவு வாடகை கொடுக்கிறோம், அறைக்குள் குளியலறை ஏன் இல்லை?" அதற்கான காரணம் தெரிந்துவிட்டால், அங்கே எப்படி இருந்துகொள்ள வேண்டும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

2010-இல் திறக்கப்பட்ட முதல் அறைகள் தரையிலிருந்து 4 முதல் 6 மீட்டர் உயரத்தில், பைன் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. தரையில் கட்டிய வீட்டுக்குத் தண்ணீர்க் குழாயை உறைபனி எட்டாத ஆழத்தில் மண்ணுக்குள் பதித்துவிடலாம். மர வீட்டுக்கு அந்த வசதி இல்லை. தரைப்பலகைக்குக் கீழேயும் காற்றுதான். மைனஸ் 25 டிகிரியில் வெறும் குழாயில் தேங்கும் தண்ணீர் சீக்கிரமே உறையும். உறையும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும், குழாய் வெடிக்கும். அதனால் அந்தச் சிறிய அறைகளில் கை, முகம் கழுவச் சிக்கனமான ஒரு பேசின் மட்டுமே வைத்திருக்கிறார்கள். குளியலும் சானா என்னும் வெப்பக் குளியல் அறையும் தனிக் கட்டடத்தில். பிற்பாடு கட்டிய பெரிய அறைகள் சிலவற்றில் உள்ளேயே குளிக்க வசதி உண்டு, வாடகையும் அதற்கேற்பக் கூடுதல். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் அவற்றைக் கேட்டு வாங்குவது நல்லது. மற்றவர்கள் மாலையிலேயே குளித்து, தலையை நன்றாக உலர்த்திக்கொண்டு அறைக்கு ஏறுங்கள். ஈரத்தலையோடு நடந்தால் முடி உறைந்து விறைத்துக்கொள்ளும்.

அறைக்குள் இருக்கும் கழிப்பறையும் வேறு மாதிரி. கழிவை மின்சாரத்தால் எரித்துச் சாம்பலாக்கும் வகை. மூடியைத் திறந்து, பக்கத்தில் இருக்கும் காகித உறைகளில் புதிதாக ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் விரியுங்கள். ஆண்களும் உட்கார்ந்துதான் பயன்படுத்த வேண்டும். முடிந்ததும் மூடியை மூடிப் பொத்தானை அழுத்தினால், உறையோடு எல்லாம் கீழே எரியறைக்குப் போய்விடும். பிறகு மின்விசிறிச் சத்தம் வெகுநேரம் கேட்கும், அது இயல்பானதுதான். காகித உறை இல்லாமல் பயன்படுத்தினால் கிண்ணம் அழுக்காகி நாற்றம் வரும்.

நம் வழக்கப்படி தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் இங்கே சிக்கல். அந்தத் தண்ணீர் முழுவதையும் இயந்திரம் ஆவியாக்கியாக வேண்டும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் யூனிட் மின்சாரமும் நிறைய நேரமும் பிடிக்கும். இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து அப்படிச் செய்தால் எரிப்பு முடியாமல் இயந்திரம் நின்றுவிடும். ஆகவே காகிதத்தைக் கொஞ்சம் நனைத்துப் பயன்படுத்துங்கள். கடையில் வாங்கும் ஈரத்தாள்களைக் குப்பைக்கூடையில் போடுங்கள்.

அடுத்தது ஈரம். மைனஸ் 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம். வெளிக்காற்று உள்ளே வந்து சூடாகும்போது அது மிகவும் வறண்டிருக்கும். உதடு வெடிக்கும், மூக்கு எரியும். உதட்டுக்கு ஏதாவது தடவிக்கொள்ளுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். இவ்வளவு வறட்சி இருக்கிறதே என்று ஈரத்துணியை அறை முழுக்கத் தொங்கவிடாதீர்கள். சின்ன அறை அது. மூச்சுக்காற்றும் ஈரத்துணியும் சேர்ந்து ஜன்னல் கண்ணாடியில் படிந்து உறைந்தால், இரவு வானில் வண்ணமாக எழும் வடதுருவ ஒளியைப் பார்க்க வந்தவர்களுக்கு வெள்ளைக் கண்ணாடிதான் மிஞ்சும். காற்றுத் துளைகளை அடைக்க வேண்டாம். சூடு அதிகமானால் ஜன்னலைத் திறக்காமல் தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் குறையுங்கள்.

கதவருகே ஒரு துடைப்பம் இருக்கும். உள்ளே வருமுன் காலணியிலும் கால்சட்டையிலும் ஒட்டிய பனியை அதால் தட்டிவிடுங்கள். தட்டாமல் வந்தால் வாசற்படியில் உருகி, கதவு திறக்கும்போது மறுபடி உறைந்து, கதவு சரியாக மூடாது. இரவெல்லாம் அந்த இடுக்கு வழியாகச் சூடு வெளியேறும். காலணியைக் கழற்றிய பிறகு உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை வெளியே எடுத்துத் தனியாகக் காயவிடுங்கள்.

உடையில் ஒரே விதி: உடம்போடு ஒட்டி இருக்கும் துணி பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், நின்றவுடன் குளிர் ஏறும். உள்ளே மெல்லிய மெரினோ கம்பளி, அதற்கு மேல் தடித்த கம்பளி அல்லது ஃப்ளீஸ் என்னும் செயற்கை இழைத் துணி, வெளியே காற்றுப் புகாத மேலுடை. காலணி ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டு காலுறை போட்டு விரலை அசைக்க முடியாமல் இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து, ஒரு காலுறை போட்டவரைவிட உங்களுக்குத்தான் முதலில் கால் மரத்துப்போகும்.

குளிரிலிருந்து கேமராவை நேராக உள்ளே கொண்டுவந்தால் லென்ஸ் வியர்க்கும். வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடி எடுத்து வாருங்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கலாம். போனை உள்பையில் வையுங்கள். ஜில்லென்று இருக்கும்போது சார்ஜ் போட்டால் பேட்டரி கெடும்.

பெரிய சூட்கேஸை வரவேற்பிலேயே விட்டுவிட்டு, ஓர் இரவுக்கு வேண்டியதைத் தோள்பையில் கொண்டுபோங்கள். ஏணியிலும் செங்குத்தான படியிலும் சக்கரப் பெட்டி ஏறாது. காற்றடித்தால் மரம் அசையும், மரப்பலகை முனகும். பயப்பட வேண்டியதில்லை.

எந்த மாதம் போகலாம் என்றால், எங்கள் பதில் மார்ச். டிசம்பர் கடைசியில் பகல் மூன்று மணி நேரம்கூட இல்லை. மார்ச் நடுவிலோ பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், பனியும் குறையாமல் கிடக்கும். சம இரவு பகல் வரும் காலத்தை ஒட்டி வடதுருவ ஒளியும் அடிக்கடி எழும். ஆனால் வானம் மூடியிருந்தால் எந்த மாதமும் உதவாது. அதனால் ஓர் இரவுக்கு மேல் தங்கும்படி திட்டமிடுங்கள். அதில் ஓர் இரவை மர வீட்டிலும் மற்றதை ஊர் விடுதியிலும் வைத்தால் செலவும் கையைக் கடிக்காது.

ஸ்டாக்ஹோமிலிருந்து லூலேயோவுக்கு விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து காரில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். கார் எடுக்கிறவர்கள் கவனிக்க: சாலையில் கலைமான்கள் நிற்கும், அவை இந்தப் பகுதியின் பழங்குடியினரான சாமி மக்களின் மந்தைகள். மோதிவிட்டால் 112 என்ற அவசர எண்ணுக்கு அழைத்துச் சொல்வது சட்டப்படி கட்டாயம்.

சைவ உணவு வேண்டும் என்றால் முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான் மிஞ்சும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்கட்டும். மார்ச் பயணத்துக்கு உங்கள் தேதிகளையும், வீட்டில் யாருக்காவது படியேறச் சிரமம் உண்டா என்பதையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்தே அறையைத் தேர்ந்து தருகிறோம்.

அன்புடன்,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்