"போதும், உட்காருங்க" என்றவர்களுக்கு

எங்கள் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்ற நரம்பு நோய்) உடற்பயிற்சிக் குழுவுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

முதல் நன்றி பிசியோ அக்காவுக்கு. "இன்னும் பத்து, இன்னும் பத்து" என்று விரட்டுகிறவர்கள் எங்கும் கிடைப்பார்கள். நீங்கள்தான் "போதும், உட்காருங்க" என்றீர்கள். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸில் நரம்பின் மேலுறையான மயலின் சிதைகிறது. உடல் கொஞ்சம் சூடேறினாலே கண் மங்கும், கால் இழுக்கும். உடலை வருத்தினால் கொஞ்ச நேரம் கண் மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உஹ்தோஃப் 1890-லேயே எழுதிவைத்தார். அந்தப் பயத்தில், பிற்காலத்தில் எங்களைப் போன்றவர்களை உடற்பயிற்சிப் பக்கமே போகவிடவில்லை. சூடு தணிந்தால் மங்கலும் விலகும், அந்தச் சூட்டால் நோய் முற்றாது என்பதை எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொன்னீர்கள். ஓய்வையும் பயிற்சிக் கணக்கிலேயே எழுதினீர்கள். அதனால்தான் விடாமல் வர முடிந்தது.

முகம் தெரியாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1996-இல் வெளியான யூட்டா பல்கலைக்கழக ஆய்வில் 54 எம்.எஸ். நோயாளிகள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் 15 வாரம், வாரத்துக்கு மூன்று நாள் கையாலும் காலாலும் சைக்கிள் மிதித்தார்கள். அவர்களுக்கு உடல் வலு கூடியது, பத்தாவது வாரம் பார்த்தபோது சோர்வும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. மற்றப் பிரிவினர் பயிற்சியே செய்யவில்லை. அவர்களோடு ஒப்பிட்டுத்தான் பலன் தெரிந்தது. சும்மா இருந்து உதவிய அவர்களுக்கு ஒரு தனிக் கும்பிடு!

வாசலில் படியே இல்லாத அந்தக் கீழ்த்தள அறையை, ஏசியோடு, வாடகை வாங்காமல் கொடுத்த வீட்டுக்கார அம்மாவுக்கு என்ன சொல்வது? கரண்ட் போனால் ஐஸ் தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுவிட நீங்களே வந்து நிற்கிறீர்கள். ஆட்டோ அண்ணன், நான் காலை உள்ளே எடுத்துவைக்கும் வரை ஹாரன் அடிக்காமல் காத்திருப்பதற்கு நன்றி. "பார்க்க நல்லாத்தானே இருக்கே" என்று கேட்காமல் ஷிஃப்டை மாற்றிக்கொடுத்த மேனேஜர் சாருக்கும்.

அக்னி நட்சத்திரம் முடியும்வரை காலை ஆறு மணிக்கே தொடங்குகிறோம். ஐஸ் பெட்டியை முறைவைத்துக் கொண்டுவர இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் அம்மாவுக்கு வேலை குறையும்.