கதவோர அலமாரி: நூல் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பள்ளி மாவட்டத்தின் நூல் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் தொடக்கப் பள்ளிகளில் ஒன்றின் நூலகத்தில் புதன்கிழமைதோறும் பிற்பகலில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கி வைக்கும் தன்னார்வலர் நான். சம்பளம் கிடையாது, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அடையாள அட்டை மட்டும் உண்டு. என் மகள் அங்கே இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பாதி நாள் ஸ்பானிய மொழியிலும் பாதி நாள் ஆங்கிலத்திலும் பாடம் நடக்கும் பிரிவு. இம்மடலின் ஆங்கில வடிவத்தைச் சென்ற வாரமே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதக் காரணம், உங்கள் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கிய பெற்றோரில் என்னோடு தமிழ் பேசுகிறவர்களும் இருந்தார்கள். அவர்களும் படிக்கட்டும்.

தீர்மானம் என்னவோ இரண்டு வரிதான். ஆங்கிலமும் ஸ்பானியமும் சேர்த்து அச்சிட்ட குழந்தைப் புத்தகங்களைப் பொதுவான படப் புத்தக அலமாரியிலிருந்து எடுத்து, கதவோரம் நிற்கும் 'உலக மொழிகள்' அலமாரிக்கு மாற்ற வேண்டும். இனி அவற்றை வாங்குவதானால், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்த்து அதற்கேற்ப வாங்க வேண்டும். மேசை நாற்காலியை இடம் மாற்றும் அறிவிப்பைப் போல வாசித்தார்கள். யாரும் எதிர்த்துப் பேசாததற்கு அதுவும் ஒரு காரணம். நானும்தான் பேசவில்லை. அந்தக் குற்றவுணர்வில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு புதன்கிழமை, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை அழைத்துப் போக அவனுடைய பாட்டி வந்திருந்தார். நல்ல மழை. வெளியே போக முடியாமல் இருவரும் நூலகத்தின் குட்டை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பையன் எழுந்து போய்ப் படப் புத்தக அலமாரியில் கைக்கு அகப்பட்டதை உருவிக்கொண்டு வந்தான். கார்மென் லோமாஸ் கார்சா 1990இல் வெளியிட்ட 'குடும்பப் படங்கள்'. டெக்சஸ் மாநிலத்தின் கிங்ஸ்வில் என்ற ஊரில் வளர்ந்த நாள்களை அவர் பக்கத்துக்கு ஓர் ஓவியமாகத் தீட்டியிருப்பார். கூடவே இரண்டு மொழியிலும் சில வரிகள். ஓர் ஓவியத்தில் குடும்பமே அடுக்களையில் கூடித் தமாலே செய்கிறது; சோள மாவை மடலில் சுருட்டி வேகவைக்கும் பண்டம் அது. தாத்தாவும் பேத்திகளும் சோள மடலை ஊறவைக்கிறார்கள், அம்மா மடலில் மாவைத் தடவுகிறார், சுருட்டி மடித்தவற்றைப் பாட்டி வரிசையாக அடுக்குகிறார். சில வீடுகளில் பெண்கள் மட்டும்தான் இந்த வேலையைச் செய்வார்கள், எங்கள் வீட்டில் எல்லோரும் கைகொடுப்போம் என்று எழுதியிருக்கிறார் ஓவியர்.

அந்தப் பாட்டிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. பையனுக்கு ஸ்பானியம் பேச வரும், வாசிக்க வராது. பாட்டி ஸ்பானியப் பத்தியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பையன் ஆங்கிலப் பத்தியைப் பார்த்து, பாட்டி சொன்னதெல்லாம் அதில் இருக்கிறதா என்று கணக்குப் பிள்ளையைப் போலச் சரிபார்த்தான். அப்புறம் பாட்டி படத்திலிருந்த சோள மடலைச் சுட்டிக்காட்டி, அது சரியில்லை என்று தலையசைத்தார். அவருக்கு ஊர் தெற்கு மெக்சிகோவின் வஹாக்கா. அவர் வீட்டில் தமாலேயை வாழையிலையில்தான் கட்டுவார்களாம். மடலில் கட்டுவது வடக்கத்தியார் வழக்கமாம். வாழையிலை என்ற சொல் என் அரைகுறை ஸ்பானியத்துக்கும் எட்டியது. கையிலிருந்த புத்தகங்களை அப்படியே வைத்துவிட்டு நானும் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். மழை விட்ட பிறகும் வெகுநேரம் மூவரும் எழுந்திருக்கவில்லை.

உங்கள் புதிய ஏற்பாட்டில் அந்தப் புத்தகம் அவன் கைக்கு வந்திருக்காது. 'உலக மொழிகள்' என்று எழுதிய அலமாரியின் பக்கம் அவன் போகவே மாட்டான். தான் ஆங்கிலத்தில் வாசிக்கிறவன் என்பதில் அவனுக்கு அத்தனை பெருமை.

நீங்கள் சொன்ன காரணத்தை நான் தள்ளிவிடவில்லை. இரு மொழியும் ஒரே பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் தங்களுக்கு எளிதானதைப் படித்துவிட்டு மற்றதைத் தாண்டிவிடுவார்கள் என்றீர்கள். உண்மைதான். என் மகள் ஸ்பானியப் பத்தியைத் தாண்டுவதை நானே பார்த்திருக்கிறேன். தாண்டட்டுமே. பத்து முறை தாண்டியவள் பதினோராம் முறை ஒரு சொல்லில் நின்று, மேலே உள்ள ஆங்கில வரியில் அதற்கு இணை எது என்று தேடியதையும் பார்த்திருக்கிறேன். அவளுடைய ஸ்பானியப் பாடநூலோடு அவள் அப்படி ஒரு நாளும் மல்லுக்கட்டியதில்லை.

இந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் யார் என்பதையும் நீங்கள் ஒரு கணம் பார்த்திருக்கலாம். பெரும்பாலோர் வகுப்பறையிலிருந்தும் நூலகத்திலிருந்தும் வந்தவர்கள். 1921இல் நியூயார்க் பொது நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பூரா பெல்ப்ரே, புவெர்ட்டோ ரிக்கோவில் தாம் கேட்டு வளர்ந்த கதைகளை அங்கே அலமாரி அலமாரியாகத் தேடினார். ஒன்றும் இல்லை. வாயால் சொன்னார், பொம்மலாட்டமாக நடத்தினார், 1932இல் ஒரு கரப்பான் பூச்சிப் பெண்ணும் எலியும் கல்யாணம் செய்துகொள்ளும் கதையைப் புத்தகமாகவும் போட்டார். அவர் பெயரில் 1996 முதல் வழங்கப்படும் குழந்தை நூல் விருதின் முத்திரை பதித்த புத்தகங்கள் சில இப்போது உங்கள் வண்டியில் இடமாற்றத்துக்குக் காத்திருக்கின்றன.

குளோரியா ஆன்சால்டுவாவின் கதை வேறு மாதிரி. தெற்கு டெக்சஸில் படித்த காலத்தில், இடைவேளையில் ஸ்பானியம் பேசி மாட்டிக்கொண்டதற்காக விரல் முட்டியில் ஸ்கேலால் மூன்று அடி வாங்கியதை அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவரே 1993இலும் 1995இலும் பிரியேத்தித்தா என்ற சிறுமியை வைத்துக் குழந்தைகளுக்கு இரண்டு இருமொழிப் புத்தகங்கள் எழுதினார். முதல் புத்தகத்தில் ஆற்றைக் கடந்து வந்த ஒரு பையனைக் குடிவரவுக் காவலரிடமிருந்து அவள் ஒளித்து வைக்கிறாள். அடி வாங்கிய மொழியும் அடித்த மொழியும் ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்று. இதை வெளிமொழிப் புத்தகம் என்று வகைப்படுத்த எனக்குக் கை வரவில்லை.

இன்னொருவர் ரெனே கொலாட்டோ லைனெஸ். எல் சால்வடோரில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் ஆசிரியரானவர். 2005இல் வந்த அவருடைய புத்தகத்தில், தன் பெயர் இந்த நாட்டில் பெண்பிள்ளைப் பெயர் என்று ரெனே என்ற பையன் கண்டுபிடிக்கிறான். அவன் வகுப்பிலேயே அதே பெயரில் ஒரு சிறுமி வந்து சேர்கிறாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயரை வருகைப் பதிவின்போது கடித்துத் துப்புவதைக் கேட்டவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

எல்லா இருமொழிப் புத்தகமும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். அடுக்குகிறவளுக்குத் தெரியும். சிலவற்றில் ஸ்பானியம் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், மருந்துச் சீட்டின் எச்சரிக்கையைப் போல அடியில் ஒதுங்கிக் கிடக்கும். ஸ்பானிய வாக்கியம் ஆங்கிலத்தைவிடச் சற்று நீளும். அதற்கு முன்கூட்டியே இடம் விடாமல் படம் வரைந்தால் இப்படித்தான் நெரியும். சிலவற்றில் ஆங்கிலக் கதைக்குள் நாலைந்து ஸ்பானியச் சொற்களைத் தூவி, ஒவ்வொன்றின் வாலிலும் பொருளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இவற்றை நீங்கள் வாங்காமல் விட்டால் எனக்கு வருத்தமில்லை.

நன்றாகச் செய்தவர்கள் இரு மொழிக்கும் தனித்தனியாக உழைத்தார்கள். அல்மா ஃப்ளோர் ஆடாவும் இசபெல் கம்போயும் பழைய ஸ்பானியத் தாலாட்டுகளையும் விளையாட்டுப் பாட்டுகளையும் தொகுத்து 2003இல் வெளியிட்டபோது, ஆங்கிலத்தில் வரிக்கு வரி பெயர்க்கவில்லை. ஆங்கிலக் காதுக்கு எதுகையும் தாளமும் விழும்படி வேறொரு கவிஞர் புதிதாகவே பாடித் தந்தார். பிரான்சிஸ்கோ அலார்கோன் 1997இல் சிரிக்கும் தக்காளிகளைப் பாடிய தொகுப்புக்கு ஸ்பானியத்தில் வைத்த பெயரில் 'ஹிட்டோமாத்தே' என்ற சொல் இருக்கிறது. ஸ்பானியம் பேசும் மற்ற நாட்டார் தக்காளியைத் 'தொமாத்தே' என்பார்கள். இரண்டுமே மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்லிலிருந்து வந்தவைதான்; மெக்சிகோவில் வழங்குவது 'ஹிட்டோமாத்தே'. ஸ்பானியர் கப்பலேறி வருவதற்கு முன்பே அங்கே இருந்த சொல். அதை அவர் சமன்படுத்தவில்லை. மாயா கொன்சாலெஸ் வரைந்த படங்களோடு சேர்த்துப் பார்த்தால் அந்தப் புத்தகம் உங்கள் எந்தத் தட்டிலும் அடங்காமல் துள்ளும்.

பணத்துக்கு வருகிறேன். இந்தப் புத்தகங்களில் பலவற்றைப் போட்டவை சிறு பதிப்பகங்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1975இல் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் பிரஸ், கார்சாவையும் ஆன்சால்டுவாவையும் அலார்கோனையும் குழந்தைகளிடம் கொண்டுவந்தது. லாப நோக்கமில்லாத அந்த நிறுவனம் 2012இல் லீ அண்ட் லோ பதிப்பகத்தின் கைக்குப் போனது. எல் பாசோவில் 1985இல் தொடங்கிய சின்கோ புந்தோஸும் 2021இல் லீ அண்ட் லோவிடமே போய்ச் சேர்ந்தது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஆர்ட்டே புப்ளிக்கோ, 1994இல் தொடங்கிய பின்யாட்டா என்ற தன் குழந்தை நூல் வரிசையை இன்றும் நடத்துகிறது. இவர்களுக்குப் பள்ளியும் நூலகமும் பெரிய வாடிக்கை. உங்களைப் போன்ற ஒரு குழு வாங்கும் எண்ணிக்கையைக் குறைத்தால், அது அடுத்த ஓவியரின் முதல் புத்தகத்தில் போய் இடிக்கும். 2014இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இரண்டு தாய்மார்கள், தங்கள் குழந்தைகளுக்கு வாங்க நல்ல இருமொழிப் புத்தகம் கிடைக்காமல், மெக்சிகோ ஓவியர் ஃப்ரீதா காலோவை வைத்து எண் சொல்லித்தரும் கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தாங்களே அச்சிட்டு லில் லிப்ரோஸைத் தொடங்கினார்கள். கடையில் கிடைத்திருந்தால் அவர்களுக்கு ஏன் இந்தத் தலைவலி?

நம் கலிபோர்னியா மாநிலம் ஒரு முறை இதே பாதையில் போய்த் திரும்பியிருக்கிறது. 1998இல் 227ஆம் எண் வாக்கெடுப்பு, வகுப்பறையில் பிள்ளைகளின் வீட்டு மொழிக்கு ஏறக்குறையக் கதவை அடைத்தது. 18 ஆண்டுகள் கழித்து, 2016இல், 58ஆம் எண் வாக்கெடுப்பில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் அதைத் திறந்துவிட்டார்கள். என் மகள் படிக்கும் பிரிவைப் போன்றவை தடையில்லாமல் பெருக அந்த வாக்கெடுப்புதான் வழிவிட்டது. வகுப்பறையில் அவளுக்கு இரண்டு மொழியும் ஒரே மேசையில். நூலகத்தில் மட்டும் தனித்தனி வரிசையா?

கை தூக்கிய தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பணத்தில் அறிவியல் புத்தகம் வாங்கலாம் என்றீர்கள். ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் காரில் ஏற்றித் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர்கள் நீங்கள். வழியில் அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவதற்குக் காரணம் வீட்டுப்பாடம் மட்டும்தான் என்றா நினைக்கிறீர்கள்? தங்கள் வீட்டு மொழி பள்ளிக்கூடத்தில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் கவனித்துவிடுகிறார்கள்.

குழுவினரே, நான் கேட்பது அதிகமில்லை. இருமொழிப் புத்தகங்கள் ஆசிரியர் பெயர் வரிசையில், மற்ற படப் புத்தகங்களோடு கலந்தே இருக்கட்டும். வேண்டுமானால் முதுகில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டுங்கள்; தேடி வருகிறவர்களுக்கு அது உதவும். வாங்கும்போது ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் தலையை எண்ணாமல், ஸ்பானியம் தெரிந்த இரண்டு ஆசிரியைகளை அருகில் உட்காரவைத்துப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். நல்லது எது, சாம்பல் எழுத்துச் சமாளிப்பு எது என்று அவர்கள் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

இடமாற்றத்துக்கான புத்தகங்கள் வண்டியில் ஏற்றிக் கதவருகே நிறுத்தப்பட்டிருக்கின்றன. எண்ணினேன், 64. வரும் புதன்கிழமை அவற்றை அந்த அலமாரியில் அடுக்குவது என் வேலை என்று குறிப்பு எழுதி ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் பதில் வரும்வரை நான் அடுக்கப் போவதில்லை. அந்தப் பையன் வந்து கேட்டால் வண்டியிலிருந்தே எடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
புதன்கிழமைத் தன்னார்வலர்