சனிக்கிழமை மர வாத்து செதுக்கல்: பதில் தேவை

மேரிலாந்து பெற்றோர் குழுவினருக்கு வணக்கம்.

பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்த டிக்காய் வாத்து (வேட்டைக்காரர்கள் நிஜ வாத்துகளை ஈர்க்கத் தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்து) செதுக்கல், அக்டோபர் 18 சனிக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை, எங்கள் வீட்டு கராஜில்.

மரம் கடையில் வாங்க வேண்டாம். பக்கத்து வர்ஜீனியாவின் காப் தீவில் அந்தக் காலத்தில் உடைந்த கப்பல்களின் பாய்மரக் கம்பத்திலேயே வாத்து செதுக்கினார்கள். நமக்குப் பழைய வேலிக்கம்பம் போதும்.

1. சீடார் அல்லது பைன் கட்டை, சுமார் 12 அங்குல நீளம். தலைக்குத் தனியாக ஒரு சின்னத் துண்டு. அதில் மர இழை அலகின் நீளவாக்கில் ஓட வேண்டும், இல்லையென்றால் அலகு ஒடியும்.
2. பச்சைச் சாயலுள்ள மருந்தேற்றிய மரம், தார் வாடை அடிக்கும் தந்திக்கம்பம் வேண்டவே வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.
3. ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, காந்தம் வைத்தும் பாருங்கள்.
4. கையுறை, மாஸ்க் கட்டாயம்.
5. 10 வயதுக்குக் கீழே உப்புத்தாளும் பெயிண்டும் மட்டுமே. அழுதாலும் கத்தி கிடையாது!

பிற்பகல் ஹாவர் டி கிரேஸ் டிக்காய் அருங்காட்சியகம் போகலாம், விருப்பமிருந்தால்.

புதன் இரவுக்குள் பிள்ளையின் வயது, கட்டை இருக்கிறதா, அருங்காட்சியகம் வருகிறீர்களா என்று எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் எமோஜி கணக்கில் வராது.